லைலாக் செடி தளதளன்னு வளருது, ஆனா பூக்கவே மாட்டேங்குது, ஏன்?

நீங்க கேட்டது இதுதான்: லைலாக் (குளிர் நாடுகள்ல வசந்தத்துல கொத்துக்கொத்தா வாசமா பூக்குற புதர்ச்செடி) வெச்சு அஞ்சு வருஷம் ஆச்சு, ஆளுயரம் தாண்டி பச்சப்பசேல்னு நிக்குது, ஆனா ஒரே ஒரு வருஷம் ரெண்டு கொத்து பூத்ததோட சரி. வருஷாவருஷம் குளிர் முடியுற சமயத்துல நுனியெல்லாம் ஒழுங்கா வெட்டி விட்டு, புல்தரைக்கு போடுற உரத்தையே இதுக்கும் போடுறீங்க. இந்த வருஷமும் வெட்டப் போறீங்க, வேற என்ன செய்யணும்னு கேக்குறீங்க.

மொதல்ல, தயவுசெஞ்சு இப்போ வெட்டாதீங்க. மீதிய பொறுமையா படிச்சுக்கலாம், கத்திரிய மட்டும் உள்ள வெச்சுட்டு வந்துடுங்க.

லைலாக் பூக்கொத்து அது பூக்குற வருஷத்துல உருவாகுறது கிடையாது. இந்த வசந்தத்துல பூ முடிஞ்ச கையோட புதுத்தளிர் விடும்ல, அந்தத் தளிரோட நுனியில கோடையிலயே அடுத்த வருஷத்துப் பூமொட்டு கட்டிடும். அப்புறம் இலை கொட்டி, பனி பெஞ்சு, குளிரெல்லாம் கழியுற வரைக்கும் பூ அந்த மொட்டுக்குள்ளயே சுருண்டு கெடக்கும், வெயில் ஏறினதும்தான் விரியும். நீங்க குளிர் முடியுற நேரத்துல நுனிய தட்டி விடும்போது எட்டு ஒம்போது மாசமா செடி பொத்தி வெச்சிருந்த பூவத்தான் வெட்டி கீழ போடுறீங்க. செடிக்கு ஒரு நோயும் இல்ல, சத்துக் குறைவும் இல்ல, அதனாலதான் இலை அவ்வளவு நல்லா வருது, பூ வர வேண்டிய எடம் மட்டும் வருஷாவருஷம் காணாம போகுது. ரோஜா வளத்து பழகினவங்க நெறைய பேர் இதுல மாட்டிக்குவாங்க, ஏன்னா இப்போ தோட்டங்கள்ல வெக்குற ரோஜா பெரும்பாலும் புதுசா விடுற தளிர்லயே பூத்துடும், குளிர் முடியுறப்போ வெட்டினாதான் அதுக்கு நல்லது. லைலாக் போன வருஷத்து கிளையில பூக்குற ஜாதி.

நான் சொல்றத நீங்களே கண்ணால பாத்துக்கலாம். செடிகிட்ட போயி வெட்டாம விட்ட ஏதாவது ஒரு கிளையோட நுனிய பாருங்க. நுனியில ஒத்தை மொட்டா இருக்காது, எதிரெதிரா ரெண்டு மொட்டு, சின்ன கொம்பு மாதிரி ஜோடியா நிக்கும். அது குண்டா, உருண்டையா, பச்சையும் ஊதாவும் கலந்த செதிலெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கின மாதிரி இருந்தா பூமொட்டு. கிளைக்கு கீழ இருக்குறது ஒல்லியா, கூரா, கிளையோட ஒட்டினாப்புல இருக்கும், அது இலைமொட்டு. சந்தேகமா இருந்தா ஒரே ஒரு குண்டு மொட்ட பறிச்சு பிளேடால நெட்டுக்கு கீறிப் பாருங்க. உள்ள இலைக்குருத்துக்கு நடுவுல பச்சை பச்சையா பொடி மணி கோத்த மாதிரி, ஒரு குட்டி திராட்சைக் குலை தெரியும், அதுதான் மே மாசத்துல ஒரு சாண் நீளத்துக்கு விரிஞ்சு மணக்கப் போற கொத்து. இத ஒரு தடவ பாத்துட்டீங்கன்னா அதுக்கப்புறம் கண்ட நேரத்துல கத்திரி வெக்க உங்களுக்கு மனசே வராது.

நான் இத கத்துக்கிட்டது ஒரு வருத்தத்துலதான். நாங்க குடிபோன வீட்ல, முன்னாடி இருந்தவங்க வெச்ச பழைய லைலாக் ஒண்ணு இருந்துச்சு. மொத வசந்தத்துல அது பூத்தப்போ ஜன்னல தெறந்தா வீடு முழுக்க வாசம், ராத்திரி படுத்தா தலகாணி வரைக்கும் வரும். அந்த வருஷம் இலை உதிர்ற காலத்துல தோட்ட வேலைக்கு ஒருத்தர வெச்சோம், அவர் சுத்தமா இருக்கட்டும்னு அதையும் வேலிச்செடி மாதிரி பந்து கணக்கா உருட்டி வெட்டிட்டுப் போயிட்டாரு. பாக்க அழகாத்தான் இருந்துச்சு. அடுத்த வசந்தத்துல மொத்த செடியிலயும் உள்பக்கமா, அவர் கத்திரி எட்டாத எடத்துல, நாலே நாலு கொத்து. அந்த நாலு கொத்தும் இருந்த எடத்த வெச்சுத்தான் எனக்கு விஷயமே புரிஞ்சுது.

சரி, எப்போதான் வெட்டுறது? பூ வாடின உடனே. வாடி ரெண்டு மூணு வாரத்துக்குள்ள எல்லாத்தையும் முடிச்சுடணும், அப்போதான் வெட்டுக்கப்புறம் வர்ற தளிருக்கு மொட்டு கட்ட ஒரு முழு கோடை கிடைக்கும். வாடின கொத்துக்கு நேர் கீழ ரெண்டு பக்கமும் புதுத்தளிர் கெளம்பியிருக்கும், அந்த ரெண்டையும் தொடாம அதுக்கு மேல கொத்த மட்டும் கிள்ளி எடுங்க, அடுத்த வருஷத்துப் பூ அந்த ரெண்டு தளிர்லதான் வரப்போகுது. சின்ன செடிக்கு இது நல்லது, விதை கட்டுறதுக்கு போற தெம்பு தளிருக்குப் போகும். பத்தடி பன்னெண்டடி வளந்த செடிக்கு ஏணி போட்டு ஒவ்வொரு கொத்தா கிள்ளணும்னு அவசியமே இல்ல, கைக்கு எட்டுறத எடுத்தா போதும்.

வயசான செடின்னா கவாத்து வேற மாதிரி. லைலாக் ஒத்தை மரமா வளராது, தூர்லேந்து பல தண்டு வரும், தண்டுக்கு வயசாக ஆக பூ உச்சிக்குப் போயிடும், கீழ மொட்டையா நிக்கும், மூக்குக்கு எட்டாத எடத்துல பூத்து யாருக்கு என்ன பிரயோஜனம். அதுக்கு தடிச்ச கிழட்டுத் தண்டுல மூணுல ஒரு பங்க பூ முடிஞ்சதும் தரையோட ஒட்டி வெட்டிடுங்க, அடுத்த வருஷம் இன்னொரு பங்கு, அதுக்கடுத்த வருஷம் மிச்சம். மூணு வருஷத்துல செடியே புதுசாயிடும், எந்த வருஷமும் பூ முழுசா நிக்காது. தூர்லேந்து வர்ற பக்கக்கன்னுல நல்ல தெம்பானதா, தள்ளித்தள்ளி நிக்குற நாலஞ்ச மட்டும் விட்டுட்டு மத்தத எடுத்துடுங்க. ஒரேயடியா முழுச்செடியையும் அரையடி உயரத்துக்கு வெட்டினாலும் பெரும்பாலும் திரும்ப தளைச்சுடும், ஆனா ரெண்டு மூணு வருஷம், சில சமயம் அதுக்கு மேலயும் பூவ மறந்துடணும், செடி ஏற்கனவே சோர்ந்து போயிருந்தா செத்தும் போகலாம். வேற வழியே இல்லன்னாதான் அந்த வேலை.

அடுத்தது உங்க உரம். புல்லுக்கு போடுற உரத்துல தழைச்சத்து தூக்கலா இருக்கும், புல்லுக்கு அதுதான் வேணும். லைலாக்குக்கு அத குடுத்தா இலையா தள்ளிக்கிட்டே போகும், பூமொட்டு கட்டாது. நீங்க தனியா போடலன்னாலும் பக்கத்துல புல்தரை இருந்தா வேர் அதையும் உறிஞ்சிக்கும், அதனால செடிய சுத்தி ஒரு மூணடிக்கு அந்த உரம் விழாம பாத்துக்கோங்க. இதுக்கு வருஷத்துக்கு ஒரு தடவ வசந்தத்துல ரெண்டு கூடை மக்கின கம்போஸ்ட் சுத்தி பரப்பினா தாராளம். ஓரளவு நல்ல மண்ணுன்னா அதுகூட வேண்டியதில்ல, ஆளில்லாம கைவிட்டுப் போன பழைய பண்ணை வீடுங்கள்ல வீடு இடிஞ்சு கல்லு மட்டும் கெடக்கும், வாசல்ல இருந்த லைலாக் மட்டும் யாரும் தண்ணி ஊத்தாம உரம் போடாம வருஷாவருஷம் பூத்துக்கிட்டு நிக்கும். நூறு வருஷம் தாண்டின லைலாக்கெல்லாம் சாதாரணம்.

வெயில் எப்படி விழுதுன்னும் பாருங்க. ஒரு நாளைக்கு குறைஞ்சது 6 மணி நேரம் நேரடி வெயில் வேணும். வெச்ச அன்னிக்கு வெயில் இருந்திருக்கும், அஞ்சு வருஷத்துல பக்கத்து மரம் வளந்து நெழல் கட்டியிருக்கும், நாம அத கவனிச்சிருக்க மாட்டோம். அப்படி இருந்தா அந்த மரத்துக் கிளைய கழிச்சு விடுங்க, இல்ல செடிய எடம் மாத்துங்க.

மண்ணுல தண்ணி தேங்கவே கூடாது, அது ஒண்ணுதான் லைலாக்கால தாங்கிக்கவே முடியாதது. களிமண்ணுன்னா கொஞ்சம் மேடு கட்டி வெக்கணும். அமில மண்ணு பிடிக்காது, பிஹெச் 6.5லேந்து 7.5 வரைக்கும் இருந்தா சந்தோஷமா இருக்கும். அதுக்காக எல்லாரும் சொல்றாங்கன்னு சாம்பலையும் சுண்ணாம்பையும் கொட்டாதீங்க, மண்ண டெஸ்ட் பண்ணி அமிலம்னு தெரிஞ்சா மட்டும் சுண்ணாம்பு போடுங்க.

குளிர் விஷயத்த பத்தி மறைக்காம சொல்லணும், ஏன்னா இந்தப் பதில சூடான ஊர்ல இருக்குறவங்களும் படிப்பீங்க. சாதாரண லைலாக்குக்கு குளிர்ல ஒரு நீண்ட தூக்கம் வேணும். 7 டிகிரி செல்சியஸுக்கு கீழ ஆயிரம் மணி நேரத்துக்கு மேல, சில ரகத்துக்கு ரெண்டாயிரம் வரைக்கும் கிடைச்சாதான் மொட்டு முழிக்கும். பனியே இல்லாத எடத்துல ஆன்லைன்ல செடி வாங்கி வெச்சா கொஞ்ச நாள் இலை விடும், பூக்காது, மெல்ல மெல்ல நலிஞ்சு போயிடும், ஏசி ரூம்ல வெச்சோ ஐஸ் கட்டி போட்டோ அத ஏமாத்த முடியாது. குளிர் இருக்கு ஆனா லேசாத்தான் இருக்குங்குற ஊர்னா அதுக்குன்னே கலிபோர்னியால உருவாக்கின ‘லாவெண்டர் லேடி’ மாதிரி டெஸ்கான்ஸோ ரகங்கள் இருக்கு, அதுக்கும் இலையுதிர் காலம் வந்ததும் தண்ணிய குறைச்சு செடிய தூங்க வெக்கணும்.

இந்த எடத்துல இன்னொரு எச்சரிக்கை. லைலாக்னு பேர் போட்டு வேற செடிய விக்குறாங்க. பெர்ஷியன் லைலாக்னு வேப்பமரக் குடும்பத்துல ஒரு மரத்துக்கும் பேர் உண்டு, அதோட காய் விஷம், வீட்ல குழந்தையோ நாயோ இருந்தா கண்டிப்பா தெரிஞ்சு வெச்சிருக்கணும். இந்தியன் லைலாக்குங்குறது வேற செடி, அது மருதாணிக் குடும்பம். நாம பேசுற லைலாக் சிரிங்கா, அது மல்லிகையோட குடும்பம். ஆமா, மல்லிகை, பவளமல்லி, ஆலிவ், லைலாக் எல்லாம் ஒரே குடும்பம்தான். இலை இதய வடிவத்துல இருக்கும், பூ ஒவ்வொண்ணும் சின்னக் குழல் மாதிரி, நாலு இதழ். பேர்ல கூட நமக்கு ஒரு ஒட்டு இருக்கு, லைலாக்குங்குற வார்த்தை பாரசீகத்துல நீலச்சாயல்னு அர்த்தம் வர்ற வார்த்தையிலேந்து அரபி வழியா ஐரோப்பாவுக்குப் போனது, அதோட வேர நோண்டிப் பாத்தா நம்ம வாயில வர்ற அதே ‘நீல’த்துலதான் போயி நிக்குது. எனக்கு இது தெரிஞ்சப்போ இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

உங்க செடி ஒட்டுச்செடியா சொந்த வேர்ல வளந்ததான்னும் ஒரு தடவ பாத்துடுங்க. சில நர்சரியில ப்ரிவெட்டுன்னு ஒரு வேலிச்செடியோட வேர்ல லைலாக்க ஒட்டு கட்டி விப்பாங்க. நாளாக ஆக கீழ இருக்குற ப்ரிவெட் பக்கக்கன்னு விட்டு மேல வந்து லைலாக்கயே அமுக்கிடும், நாம லைலாக் நல்லா தளைக்குதுன்னு நெனச்சுக்கிட்டே இருப்போம். இலைய பாத்தா தெரிஞ்சுடும், லைலாக் இலை அகலமா இதயம் மாதிரி, ப்ரிவெட் இலை சின்னதா நீள்வட்டமா இருக்கும். அப்படி இருந்தா அந்தக் கன்னையெல்லாம் மண்ண தோண்டி அது கெளம்புற எடத்துலேந்தே பிச்சு எடுக்கணும், மேலோட வெட்டினா இன்னும் நாலா கெளம்பும். புதுசா வாங்குறவங்க சொந்த வேர்ல வளந்ததான்னு கேட்டு வாங்குங்க. ஒட்டுச்செடிதான் கிடைச்சுதுன்னா ஒட்டு கட்டின எடம் மண்ணுக்குள்ள ரெண்டு மூணு இஞ்ச் போற மாதிரி நடுங்க, லைலாக் தானா வேர் விட்டுக்கும்.

நடுறதுக்கு இலை கொட்டினதுக்கப்புறம் மண்ணு உறையறதுக்கு முன்னாடி, இல்லன்னா வசந்தத் தொடக்கத்துல. குழி வேர்க்கட்டிய விட ரெண்டு மடங்கு அகலம், ஆழம் தொட்டியில இருந்த அளவுதான், ஒட்டுச்செடிக்கு மட்டும் மேல சொன்ன மாதிரி கொஞ்சம் கூடுதல். பெரிய ரகம்னா செடிக்குச் செடி ஏழெட்டு அடியாவது விடுங்க, இப்போ காலியா தெரியும், பத்து வருஷம் கழிச்சு காத்து போறதுக்கு அந்த எடம் தேவைப்படும். மொத ரெண்டு வருஷம் மழை இல்லாத வாரத்துல ஒரு தடவ ஆழமா தண்ணி, அதுக்கப்புறம் கடும் வறட்சிக்கு மட்டும். செடிய சுத்தி மண்ண மூடுற மூடாக்கு, காய்ஞ்ச இலை மாதிரி எதையாவது, ரெண்டு இஞ்சுக்கு போடுங்க, தண்டுல ஒட்டாம தள்ளிப் போடுங்க. நட்ட புதுசுல பூக்கலன்னு கவலைப்படாதீங்க, சின்ன செடி நிலைச்சு நின்னு பூக்க மூணுலேந்து அஞ்சு வருஷம் ஆகும். உங்களுது அந்த வயச இப்போதான் தொட்டிருக்கு, அதுவும் ஒரு நல்ல செய்திதான்.

நோய்ல எல்லாரும் பயப்படுறது சாம்பல் நோய்க்கு. கோடை கடைசியில இலை மேல மாவு தூவின மாதிரி வெள்ளையா படியும், பாக்க சங்கடமா இருக்கும், ஆனா செடிய பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது, மருந்தடிக்கணும்னே இல்ல. உள்ள நெருக்கத்த குறைச்சு காத்தோட்டம் குடுங்க, விழுந்த இலைய கூட்டி எடுத்துடுங்க, போதும். உண்மையிலேயே கவனிக்க வேண்டியது ஈரமான குளிர்ந்த வசந்தத்துல வர்ற பாக்டீரியா கருகல். எளந்தளிர் கறுத்து நெருப்புல வாட்டின மாதிரி தொங்கும், பூக்கொத்தும் கறுத்துடும். பயிர் நோயில ரொம்ப பேர்போன இந்த பாக்டீரியாவுக்கு பேரே சூடோமோனாஸ் சிரிங்கே, லைலாக்லேந்துதான் இத மொதல்ல பிரிச்சு எடுத்தாங்க. கறுத்த எடத்துக்கு முக்கா அடி கீழ வெட்டுங்க, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்திரிய ஸ்பிரிட்ல தொடச்சுக்கோங்க, ஈரமா இருக்குற நாள்ல வெட்டவே வெட்டாதீங்க. இந்த ஒரு வெட்டுக்கு மட்டும் பூ முடியுற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

ஒரு கிளை மட்டும் காரணமே இல்லாம வாடுதுன்னா கீழ தண்ட தடவிப் பாருங்க. பென்சில் நுழையுற அளவுக்கு ஓட்டையும் அதுக்கடியில மரத்தூளும் இருந்தா தண்டு துளைப்பான், குளவி மாதிரியே இருக்குற ஒரு அந்துப்பூச்சியோட புழு. தடிச்ச பழைய தண்டுலதான் அதிகமா போகும், அந்தத் தண்ட தரையோட வெட்டி அப்புறப்படுத்திடுங்க. மேல சொன்ன கவாத்த ஒழுங்கா செஞ்சுக்கிட்டு வந்தா இது வர்றது குறையும். பட்டையில சிப்பி சிப்பியா ஒட்டிக்கிட்டிருந்தா செதில் பூச்சி, மென்மையான பிரஷ்ஷால தேச்சு விடலாம், இல்ல செடி தூங்குற காலத்துல, செடிக்கு அடிக்கன்னே விக்குற தோட்ட எண்ணெய் அடிக்கலாம்.

சில வருஷம் கோடையிலயே இலை கருகிக் கொட்டி, அப்புறம் மழை பெஞ்சதும் இலையுதிர் காலத்துல நாலஞ்சு கொத்து பூக்கும். சந்தோஷப்படுறதுக்கில்ல, அது அடுத்த வசந்தத்துக்கு வெச்சிருந்த மொட்டு, செடி தவிப்புல முன்னாடியே தெறந்துடுச்சு. அடுத்த கோடையில வறண்டா தண்ணி குடுங்க.

இன்னொரு செடி வெக்குற எண்ணம் இருந்தா ரகம் பாத்து வாங்குங்க. இந்தச் செடி பால்கன் மலையிலேந்து துருக்கித் தோட்டத்துக்குப் போயி, 16ம் நூற்றாண்டுல கான்ஸ்டான்டினோபிள்ல தூதரா இருந்த புஸ்பெக்குங்குறவர் மூலமா வியன்னாவுக்கு வந்ததா சொல்லுவாங்க. ஆனா இன்னிக்கு நாம ஆசைப்படுற அடுக்குப் பூ ரகமெல்லாம் பெரும்பாலும் பிரான்ஸ்ல நான்ஸி ஊர்ல இருந்த லெமோன் குடும்பத்தோட கைவண்ணம். 1870ல போர் நடந்து ஊரே அன்னியப் படைகிட்ட இருந்த காலத்துல விக்டர் லெமோன் இத ஆரம்பிச்சாரு, அவருக்கு கண்பார்வை சரியில்ல, அதனால அவர் மனைவி மேரி லூயிஸ் ஏணியில ஏறி ஒவ்வொரு குட்டிப் பூவுலயும் பிரஷ்ஷால மகரந்தம் தொட்டு வெச்சாங்க. மகன், பேரன் வரைக்கும் சேந்து 200க்கும் மேல ரகம் குடுத்தாங்க. 1890ல வந்த வெள்ளை அடுக்கு ‘மேடம் லெமோன்’ இன்னிக்கும் வாங்கலாம், அத பாக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஏணியில நின்ன அம்மாதான் ஞாபகம் வருவாங்க.

ஊதா இதழுக்கு வெள்ளைக் கரை கட்டின ‘சென்சேஷன்’ 1938ல வந்தது, கண்ணுக்கு விருந்து, ஆனா வாசம் குறைவு. மாஸ்கோவுல கோலெஸ்நிகோவ் உருவாக்கின ‘க்ராசாவித்சா மாஸ்க்வி’ மொட்டுல ரோஸ், விரிஞ்சா முத்து வெள்ளை. எடம் கம்மின்னா ‘மிஸ் கிம்’, 1947ல கொரியாவுலேந்து எல்வின் மீடர் எடுத்துட்டு வந்த விதையில பொறந்தது, அடக்கமா வளரும், தாமதமா பூக்கும், சாம்பல் நோயும் அதிகம் அண்டாது. பெரிய தொட்டியில வெக்க ‘பாலிபின்’. ஒரு லைலாக் பூக்குறது ரெண்டு வாரம்தான், ஆனா முந்திப் பூக்குறது, நடுவுல பூக்குறது, பிந்திப் பூக்குறதுன்னு மூணு வெச்சா ஒன்றரை மாசம் வரைக்கும் வாசத்தோட இருக்கலாம்.

பூ வந்ததும் பறிக்க யோசிக்காதீங்க, அதுவும் சரியான நேரத்துல செய்யுற கவாத்துதான். காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, கொத்துல முக்காவாசி விரிஞ்சதா பாத்து வெட்டுங்க, மூடின மொட்டோட வெட்டினா ஜாடியில விரியாது. கிளையில இருக்குற இலைய எல்லாம் உருவிடுங்க, இலை இருந்தா தண்ணிய அதுவே குடிச்சுடும். மரத்தண்டுங்குறதால அடிய ஒரு இஞ்சுக்கு நெட்டா கீறி விட்டு, ஆழமா குளிர்ந்த தண்ணியில ஒரு ரெண்டு மணி நேரம் இருட்டுல வெச்சிருந்து அப்புறம் ஜாடிக்கு மாத்துங்க, நாலஞ்சு நாள் தாங்கும்.

ஆக உங்க செடிக்கு இந்த வருஷம்: கத்திரி வேண்டாம், புல் உரம் வேண்டாம், கம்போஸ்ட் மட்டும் போடுங்க, வெயில் எத்தனை மணி நேரம் விழுதுன்னு ஒரு நாள் உக்காந்து கணக்கு பாருங்க. நீங்க இன்னும் வெட்டாததால குண்டு மொட்டு ஏதாவது இருந்தா இந்த மே மாசமே பூக்கும், இல்லன்னா இந்தக் கோடையில விடுற தளிர அப்படியே விட்டு வைங்க. செப்டம்பர்ல போயி நுனிய பாருங்க, ஜோடியா தடிச்ச மொட்டு நிக்குதான்னு. நின்னா எனக்கும் ஒரு வரி எழுதுங்க.